தேவநாதன் நிமிர்த்திய செருப்புகள்

எதிர்வீட்டு வாசலில் ஒரு செருப்பு குப்புறக் கிடந்தால் தேவநாதன் அதைக் கடந்து போகமாட்டார். கையால் தொடுவதில்லை, குடை முனையால் ஒரு நெம்பு, அவ்வளவுதான். செருப்பு நிமிர்ந்ததும் பால் பாக்கெட்டோடு நடையைத் தொடர்வார். கேட்டால், "கவுந்த செருப்பு வூட்டுக்குச் சண்டைங்க" என்பார். கூத்தப்பாக்கத்தில் அந்தத் தெரு இவ்வளவு அமைதியாக இருப்பதற்குத் தாமே காரணம் என்று அவருக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை. வார்டு கவுன்சிலருக்கும் தம்மைப் பற்றி அதே நம்பிக்கை உண்டு. இருவரிடமும் ஆதாரம் கிடையாது.

ஒருமுறை திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள். மண்டப வாசலில் செருப்புக் குவியலை அவர் குடையால் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, செருப்புத் திருடன் என்று பிடித்துவிட்டார்கள். பட்டுச் சேலையோடு வெளியே வந்தார் மனைவி சந்திரலேகா. "எங்க வூட்டு ஆளுதான், வுட்டுடுங்க. திருடத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் பொழைச்சிருப்பாரே" என்றார். கூட்டத்துக்கு அந்தச் சாட்சியம் போதுமானதாக இருந்தது.

தேவநாதனுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் பெயின்ட் கடை. ஊருக்கெல்லாம் நூற்றுக்கணக்கில் நிறம் காட்டுகிறவர், தம் வீட்டுக்கு வெள்ளையைத் தாண்டி யோசித்ததில்லை. அவரைப் பொறுத்தவரை சாகசம் என்பது ஏணி. சந்திரலேகாவுக்கோ ஏணி, தென்னை மரம், கல்வராயன் மலை எல்லாம் ஒன்றுதான். இந்த இரண்டு பேரையும் ஜாதகம் பார்த்துத்தான் சேர்த்துவைத்தார்கள். பத்துப் பொருத்தமும் பார்த்த ஜோசியர், மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை.

சந்திரலேகா சேத்தியாத்தோப்பில் பிறந்தவர். வெள்ளாற்றில் நீந்தப் பழகிய பிறகுதான் சைக்கிள் பழகினார். கடலூரில் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் நர்ஸ். "வலிக்காது. வலிச்சா என்னைத் திட்டு" என்பது அவருடைய வாடிக்கை வசனம். வாய் வலிக்கத் திட்டிவிட்டு, பிறந்த பெண்ணுக்குச் சந்திரலேகா என்றே பெயர் வைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

கடலூருக்கு வெள்ளம் புதிதல்ல. ஒரு மழைக்காலத்தில் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். ஊரே தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கையில், வாசலுக்கே படகு வந்திருக்கிறது என்ற பூரிப்போடு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினார் சந்திரலேகா.

மாடியிலிருந்து தேவநாதன், "ஒரு நாள் லீவு சொல்லேன்" என்றார்.

"பொறக்கப் போற புள்ளைங்க லீவு சொல்லுதா?" என்றபடி படகுக்காரரிடமிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டார். தண்ணீர் வடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். அதுவரை மகள் இலக்கியாவுக்குத் தலைபின்னியவர் தேவநாதன். ஒரு பின்னல் மட்டும் காதுக்கு மேலே ஏறி நின்ற அந்தக் கோலத்தை இலக்கியா இன்றும் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆண்டுதோறும் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார்டு நர்ஸுகளைத் திரட்டிக்கொண்டு சந்திரலேகா பிச்சாவரம் போவார். சாமிக்கண்ணுவின் படகு. முன்பலகை சந்திரலேகாவுக்கு. ஆழமில்லாத இடத்தில் எல்லோரும் இறங்கிச் சுரபுன்னை வேர்களுக்கிடையே நடப்பார்கள். சேற்றில் போன செருப்பு திரும்பி வராது என்பதால் எல்லாச் செருப்பும் கரையில். அவற்றுக்கும் புளிசோற்றுத் தூக்குக்கும் காவல், தேவநாதன்.

"வாங்களேன் மாமா. முட்டியளவு தண்ணிதான்" என்று அழைப்பார் லோகநாயகி. சந்திரலேகாவை அக்கா என்று கூப்பிட்ட நர்ஸுகளுக்கெல்லாம் அவர் மாமா.

"என் முட்டிக்கு அதுவே ஜாஸ்திம்மா."

"தண்ணி கடிக்காதுங்க" என்பார் சந்திரலேகா. கடித்த நாயைக்கூட மன்னிக்கக் கூடியவர் தேவநாதன், தண்ணீரை நம்பமாட்டார்.

படகேறும்முன் சந்திரலேகா தம் செருப்பைக் கவிழ்த்துவைப்பார். மாசி வெயிலில் உட்புறம் சூடேறாமல் இருக்கும் என்பது கணக்கு. படகு மறைந்ததும் தேவநாதன் அதை நிமிர்த்திவிடுவார். திரும்பி வந்து காலை நுழைத்தால் தோசைக்கல்.

"யாரு நிமிர்த்துனது?"

"சண்டை வரக்கூடாதேன்னுதான்."

"வந்துடுச்சு பாருங்க."

சிதம்பரம் வரை சண்டை நடக்கும். கீழவீதியில் காபி குடித்ததும் சமாதானம். நிமிர்த்தாவிட்டால் அந்தச் சண்டையே வந்திருக்காது என்ற உண்மையை எந்த மாசியிலும் தேவநாதன் ஒப்புக்கொண்டதில்லை. கொள்கை என்று வந்துவிட்டால் கட்சிக்காரர்களும் இப்படித்தான்.

போன ஆடியில், தாம் பிரசவம் பார்த்த வளாகத்திலேயே சந்திரலேகா நோயாளியாகப் படுத்தார். ஊசி போட வந்த புது நர்ஸுக்கு நரம்பு அகப்படவில்லை. "வலிக்காது, போடு. வலிச்சா என்னை நானே திட்டிக்கிறேன்" என்று நரம்பைத் தொட்டுக் காட்டினார். பெருக்குகிறவரின் துடைப்பம் பட்டு, கட்டிலடியில் இருந்த அவர் செருப்பு கவிழ்ந்தது. தேவநாதன் குடையை நீட்டினார்.

"வுடுங்க" என்றார் சந்திரலேகா. "நாம சண்டை போட்டு நாளாச்சு."

பழகிய கை கேட்கவில்லை. நிமிர்த்திவிட்டார். அந்த வாரம் சண்டை எதுவும் நடக்கவில்லை. அடுத்த வாரம் சந்திரலேகா இல்லை.

இந்த மாசி பிறந்ததும் லோகநாயகி பெயின்ட் கடைக்கு வந்தார்.

"அக்கா எடம் காலியாக் கெடக்கிற படகுல எங்களால ஏற முடியாது மாமா. நீங்க முன்னால ஒக்காந்தா போறோம். இல்லன்னா இதோட நிறுத்திடலாம்னு பேசிக்கிறாங்க."

"அப்ப செருப்ப யாரு பாத்துக்கறது?"

"தூக்கிட்டுப் போனா போவட்டும்."

கேட்காத வாடிக்கையாளருக்கு மஞ்சளில் ஐந்து வகை காட்டினார் தேவநாதன். இரவு சென்னையிலிருந்து இலக்கியா போனில், "அம்மா ஆரம்பிச்சதுப்பா. நீங்க நிறுத்திடாதீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரத்துக்கு வந்தார் தேவநாதன். கையில் குடை, புளிசோற்றுத் தூக்கு. நேராகப் போய்க் கரையில் தம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டார். நர்ஸுகள் படகேறினார்கள். முன்பலகை காலியாக இருந்தது. சாமிக்கண்ணு துடுப்பைத் தொடவில்லை.

தேவநாதன் எழுந்தார். "என்னா சாமிக்கண்ணு, தண்ணி எவ்ளோ?"

"அதே முட்டிதான் சார்."

மிதவைச் சட்டையை மாட்டிக் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார். பார்சல் ஆபீசில் அனுப்பக் கொண்டுவந்த மூட்டை மாதிரி இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரம் வரை வந்து, தூக்கை லோகநாயகியிடம் நீட்டினார்.

"பயமா மாமா?"

"பயமெல்லாம் இல்ல. காலுதான் வரமாட்டேங்குது."

ஒரு காலை நனைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டு, திரும்பிக் கரைப்பக்கம் நடந்தார். லோகநாயகி தூக்கை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"இருங்க, வந்துட்டேன். போயிடாதீங்க" என்று கரையிலிருந்து குரல் வந்தது.

தம் செருப்புகளுக்கு முன்னால் நின்றிருந்தார் தேவநாதன். இரண்டும் ஒழுங்காக நிமிர்ந்து கிடந்தன. குடையை மணலில் குத்திவைத்துவிட்டுக் குனிந்து, கையாலேயே எடுத்து, இரண்டையும் கவிழ்த்துவைத்தார்.