இரட்டைத் தையல்காரி போட்ட கூடாரம்

அவளைத் தெருவில் எல்லோரும் இரட்டைத் தையல் என்றுதான் சொல்வார்கள். ஒருமுறை தைத்ததை நம்பவே மாட்டாள். பக்கத்திலேயே இன்னொரு வரி ஓட்டிவிட்டுத்தான் ஊசியை நிறுத்துவாள். அவள் தைத்த பை நைந்து போகும், தையல் பிரியாது.

அவளுடைய தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டை இடித்துக் கட்டுகிறாள், அதுவரை பிள்ளைகளோடு ஒற்றை அறையில் வாசம். கட்டில், மெத்தை, மர அலமாரி, பிள்ளைகளின் துணிமணி என்று வீட்டுச் சாமான் மொத்தத்தையும் எங்கே போடுவது? வாடகைக்கு ஒரு கிடங்கு பார்க்கலாம் என்று தங்கை சொன்னதுதான் தாமதம், அக்காவுக்கு வந்ததே கோபம்.

"நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஊரான் கெடங்கைத் தேடிப் போறியா? என் கொல்லையில துணிக் கூடாரம் போடுறேன். ஒரு துரும்பு கெடாம திருப்பித் தரேன், பாரு!"

தங்கை நம்பினாள். அக்கா சொன்னால் சொன்னதுதானே.

கூடாரம் வாங்கக் கடைக்குப் போனால் அங்கேயும் வழக்கு. லாரி ஓட்டுகிற அக்காவின் கணவர் குழாய்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "எலும்பு கெட்டியா இருந்தாத்தான்டி ஒடம்பு நிக்கும். காத்துல பறந்துடக் கூடாது."

"எலும்பை நீங்க பாருங்க. தோலை நான் பாத்துக்கிறேன்." துணியை வெளிச்சத்தில் பிடித்தாள், இழுத்தாள், நகத்தால் கீறினாள். கனத்த துணியும் கனத்த குழாயும் உள்ளதாக ஒன்று வீட்டுக்கு வந்தது.

நான்கு மூலையிலும் முளை அடித்து, கயிறு கட்டி, வெறும் மண்தரைமேல் நிறுத்தினார்கள். அண்ணாந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூரை முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் முக்கோணமாக வலை!

"அடப்பாவிங்களா, துணி பத்தலைன்னு வலையை வெச்சு ஒப்பேத்தியிருக்கானுங்க!"

"காத்துக்கு விட்டிருப்பான்டி, இருக்கட்டும்."

"காத்து வர்ற வழியில தூசி வராதா, பூச்சி வராதா? தையலைப் பத்தி எனக்கா சொல்றீங்க?"

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கெட்டித் துணி வைத்து, இரண்டு வலைகளையும் இரட்டைத் தையலில் அடைத்தாள். தங்கையின் சாமான்களை உள்ளே அடுக்கி, கீழ் விளிம்பையும் மண்ணுக்குள் புதைத்து மிதித்துவிட்டாள். அதற்கப்புறம் அடைகாக்கிற கோழி மாதிரிதான். மழை நின்றதும் கூரையில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளுவாள். தளர்ந்த கயிற்றை இறுக்குவாள். பறவை எச்சத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவுவாள். தூசி உள்ளே போகுமே என்று வாசல் ஜிப்பை மட்டும் ஒருநாளும் திறக்கவில்லை.

பிறகு ஒரு மாலை தங்கை போன் பண்ணினாள். "சின்னவளுக்குத் தரையில படுத்துப் படுத்து இருமல்க்கா. நாளைக்கு வந்து அந்த மெத்தையை எடுத்துக்கிறேன்."

மெத்தையை எடுத்துத் தட்டி வைப்போம் என்று அக்கா ஜிப்பை இழுத்தாள். வெக்கையும் பூஞ்சை நாற்றமுமாக முகத்தில் அறைந்தது. மெத்தைக்கு வெள்ளை மயிர் முளைத்திருந்தது. அலமாரிக் கதவு ஊதிப் போய், இழுத்தால் வரவில்லை. மழை பெய்தே பல நாள் ஆயிற்றே! கூரையை வெளியே தடவினால் சருகாகக் காய்ந்திருக்கிறது.

"தண்ணிப் பைப்பை இந்தப் பக்கம் திருப்பினீங்களா?" என்று கணவர்மேல் பாய்ந்தாள்.

"சத்தியமா இல்லடி!"

அப்போது அவள் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தாள். கொதிக்கிற பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்ததுபோல, கூரையின் உட்புறம் முழுக்கத் துளித்துளியாகத் தண்ணீர். காலடியில் மண் கறுத்து ஈரமாகக் கிடந்தது. மண் விட்ட ஆவி போக வழியில்லாமல், மேலே முட்டி, திரும்பத் திரும்பத் தங்கையின் சாமான்மேலேயே கொட்டியிருக்கிறது. முகட்டுக்குக் கீழே அவளுடைய இரண்டு வரித் தையல், நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. ஓரிடத்தில்கூடப் பிசகில்லை.

"கூரை ஒழுகிடுச்சுன்னு சொல்லிடு. பழி கடைக்காரனோட போகட்டும்" என்றார் கணவர். அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை தங்கை வந்தாள். கூடார வாசலிலேயே சிலையாக நின்றாள். பிள்ளையின் ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள்.

"ஒழுகிடுச்சாக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அக்காவின் வாய் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வந்தது வேறு.

"இல்லடி. காத்துப் போக ஜன்னல் வெச்சிருந்தான். நான்தான் தெச்சு அடைச்சேன். உன் மாமா வேணாம்னாரு, நான் கேக்கல."

தங்கை அண்ணாந்து அந்தத் தையலைப் பார்த்தாள். "ஒரு துரும்பு கெடாதுன்னியே..." ஸ்வெட்டரைக் கீழே போட்டாள். விறுவிறுவென்று அக்காவின் வீட்டுக்குள் போனாள். பின்னாலேயே ஓடியவள் பார்த்தால், கட்டிலிலிருந்து மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள்!

"ஏய், அது என் மெத்தைடி!"

"தெரியும். இன்னிக்கு என் புள்ளை இதுலதான் படுக்கும். நீ உன் தையல்மேல படுத்துக்கோ."

மெத்தை நிலைக்கதவில் சிக்கிக்கொண்டது. தங்கை முக்கி முக்கித் தள்ளினாள். அக்கா குனிந்து, மறுமுனையைத் தூக்கிப் பிடித்தாள்.