பல்லில் கடிபட்ட உப்பு

“மீட்டரு மூணு ஓம் காட்டுது. கையெழுத்து போட்டுட்டு கெளம்பு, அண்ணாத்த” என்றார் ஒப்பந்தக்காரர் பன்னீர்செல்வம்.

சோதனைக்கு வந்திருந்த கண்ணாயிரம் குனிந்தார். இடிதாங்கியின் செம்புப் பட்டை மண்ணில் இறங்கும் குழிக்குள் கைவிட்டு, ஈர மணலை எடுத்து நாக்கில் வைத்தார்.

“காலைல உப்பு கொட்டி தண்ணி வுட்டுகீறே.”

“கடலோரத்து மண்ணு கரிக்காம, சக்கரையா இனிக்கும்?”

“கடல் உப்பு இப்டி பல்லுல கடிபடாது.”

மென்றதைப் பன்னீர்செல்வத்தின் செருப்பின் மேல் துப்பினார். பன்னீர்செல்வம் பக்கத்தில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து அவர் வாயில் அடித்தார். மறுபடியும் அடித்தார். அளவு எழுத அவரோடு வந்திருந்த நான் குறிப்பேட்டைப் பிடித்தபடி நின்றேன். இரண்டு முன்பற்கள் சோதனை மீட்டரின் பெட்டி மேல் விழுந்தன.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கண்ணாயிரம் பிறந்த குப்பம் அது. புயல் வந்தால் ஊரே ஒதுங்குவதற்காகப் புதிதாகக் கட்டிய கட்டடம். மின்னலை மண் வாங்கிக்கொள்ள, அதன் மின்தடை பத்து ஓமுக்குள் இருக்க வேண்டும். காய்ந்த மணலில் அதற்கு ஆழமாகத் தோண்டியாக வேண்டும். தோண்டாமல் உப்புத் தண்ணீர் ஊற்றினால் சோதனை நடக்கும் நாளுக்கு மட்டும் எண் இறங்கும்.

கண்ணாயிரம் பதினான்கு வயதில் அப்பா சடையனோடு கடலுக்குப் போனபோது மின்னல் விழுந்தது. அப்பாவின் வெள்ளி அரைஞாண் உருகி இடுப்புச் சதையில் பதிந்துவிட்டது. சிறிய படகு, கால் வைக்க வேறு இடமில்லை. அந்த உடலை மிதித்துக்கொண்டுதான் கரைவரை துடுப்புப் போட்டார். பிறகு கடலுக்குப் போகவில்லை. மறைமலைநகர் ஆலைகளில் வயர்மேனாக இருந்துவிட்டு, சிங்கப்பெருமாள் கோயிலில் நான் அறிக்கை எழுதும் சிறிய சோதனை நிறுவனத்துக்கு வந்தார். சாதுவான மனிதர் இல்லை. ஓர் ஆலையின் கூரையில் செம்புப் பட்டையைத் திருட அறுத்துக்கொண்டிருந்தவனின் மணிக்கட்டை முறித்தவர்.

அடிபட்ட நான்காம் நாள், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து தைத்த உதட்டோடு நேராகக் குப்பத்துக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். குழி காய்ந்திருந்தது. மீட்டர் முப்பத்தெட்டு காட்டியது. புரட்டாசி முடியும் நேரம். கடலுக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அறிக்கையில் மூன்று என்றே இருக்கட்டும் என்று எங்கள் முதலாளி காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். அதைக் கண்ணாயிரத்திடம் சொன்னேன்.

வாயிலிருந்து கசிந்த இரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

“முப்பத்தெட்டுன்னு எழுதும்மா. ஆபீசுக்கு இங்கிலீஷ்ல எழுது. தமிழ்ல பெருசா எழுதி இந்தக் கதவுல ஒட்டு, இடி இடிச்சா இங்க ஒதுங்காதீங்கன்னு. நான் சொன்னா சண்டைக்காரன் பேச்சும்பாங்க. நீ எழுது.”