பதினொரு சொட்டு நீலம்

பெட்டியின்மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை மகள்தான் வாசித்துச் சொன்னாள். இருநூற்று எண்பத்தேழு உருப்படிகள். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டி எண்ணினேன். இருநூற்று எண்பத்து மூன்று வந்தது. மறுபடி எண்ணினேன். அதே இருநூற்று எண்பத்து மூன்று.

“நாலு குறையறது. திருப்பி அனுப்பு.”

“அப்பா, உன் முழங்கைக்குக் கீழ பாரு.”

முழங்கைக்குக் கீழே நகம் அளவில் நான்கு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அலமாரிக் கதவுக்கானவையாம். இப்படி ஒளி ஊடுருவும் சாமானைச் செய்தால் யாருக்குத்தான் தெரியும் என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம்.

ஒப்பந்தம் இதுதான். என் இரண்டு கண்களிலும் புரை வளர்ந்திருக்கிறது, அறுவை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொன்னார், மறைக்க வழியில்லை. நான் முதலில் நவராத்திரி கழியட்டும் என்றேன், பிறகு மழை நிற்கட்டும் என்றேன், பிறகு வெயில் தாழட்டும் என்றேன். உண்மையில் நான் பயந்தது கத்திக்கு அல்ல, கட்டிலுக்கு. ஊரின் மறுகோடியில், கழக்கூட்டத்தில், ஒன்பதாவது மாடியில் இருக்கும் தன் ஃப்ளாட்டில் ஓர் அறையைக் காலி செய்து, எனக்காக ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தாள். ஆபரேஷன் என்றால் அந்தக் கட்டில். அந்தக் கட்டில் என்றால் பிறகு அங்கேயேதான். கரமனையில் இந்த வீட்டில் நான் தனியாக இருப்பதற்கு ஒரே ஆதாரம், எனக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருப்பதுதான். அதை விட்டால் போச்சு.

அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் சண்டை தொடங்கும். சாம்பார் ஆறுகிற வரை சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டைக்குப் பதிலாக இந்தப் பெட்டியோடு வந்தாள். பொம்மை வீட்டு அளவில் ஒரு கேக் கடையை நாமே ஒட்டிச் சேர்க்கும் பெட்டி. அந்தக் கடையில் ஓர் ஆள் நின்றால் என் ஆள்காட்டி விரல் உயரம் இருப்பான்.

“இந்த மேஜைல உக்காந்திருக்கற வரைக்கும் நான் கண்ணைப் பத்திப் பேச மாட்டேன். நீயும் என் கல்யாணத்தைப் பத்திப் பேசப்படாது. சம்மதமா?”

சம்மதித்தேன். எனக்குத்தான் நஷ்டம் என்று பட்டாலும் சம்மதித்தேன்.

என் மனைவி இருந்தவரை என்னை ‘நீங்கோ’ என்ற மகள், அம்மா போன பிறகு ‘நீ’ என்கிறாள். எந்த நாளிலிருந்து என்பதை மட்டும் நான் குறித்துக்கொள்ளத் தவறிவிட்டேன்.

கேக் கடை எங்களுக்கு எதற்கு? இளஞ்சிவப்புச் சுவர்க் காகிதம், வாசலில் ஒரு குடை, கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்றடுக்குக் கேக்குகள். அவளே சொன்னாள், இதை எங்கள் தெருவிலிருந்து ஆற்றுப் பாலத்துக்குப் போகும் வழியில் இருக்கும் பழக்கடையாக மாற்றிவிடலாம் என்று. முன்னால் கயிற்றில் வாழைக்குலைகள் தொங்கும், பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு மரப்பெஞ்சு. பொதுப்பணித் துறையில் மற்றவர்கள் போட்ட மதிப்பீடுகளை முப்பத்து நான்கு வருடம் சரிபார்த்தவன் நான். பார்க்காமல் எதையும் செய்யக் கூடாது என்று அவளையும் இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். பெஞ்சின் நீளத்தைச் சாணால் அளந்தேன். குலைகளை எண்ணினேன். கடைக்காரர் என் வேட்டியை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு மலையாளத்தில் கேட்டார்.

“ஸாரே, இத்தவண மலைக்குப் போகுந்நுண்டோ?”

சபரிமலைக்கா? இந்த முழங்காலை வைத்துக்கொண்டா? இல்லை என்றேன். மகள் திரும்பி நின்று ரசகதளிக் குலையை வெகு நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது போல இருந்தது. தும்மல் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு சுவர். இளஞ்சிவப்புக் காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கிண்ணத்தில் வெள்ளைச் சாயம் ஊற்றினாள். நான் தடுத்தேன். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் சேர்க்காவிட்டால் சுவர் பழுத்துப் போனதுபோல் இருக்கும், இது கட்டட வேலை தெரிந்த யாருக்கும் தெரியும். குளியலறையிலிருந்து சொட்டு நீலம் பாட்டிலை எடுத்துவந்தேன். மூன்று சொட்டு விட்டுக் கலக்கினேன். பழுப்பு. ஐந்து. இன்னும் பழுப்பு. இந்தக் காலத்துச் சாயத்தில் என்னத்தைச் சேர்க்கிறார்களோ.

“மதி, அப்பா. போறும்.”

“உனக்குத் தெரியாது. மிண்டாம, பேசாம இரு.”

எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவது சொட்டில்தான் சரியாக வந்தது.

“ஆங், இப்ப வெள்ளை.”

“நன்னாப் பாத்துச் சொல்லு.”

“பாத்துதான் சொல்றேன். பால் மாதிரி இருக்கே.”

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“வேஷ்டிக்கு எத்தனை சொட்டு விடறே?”

“ஒரு பக்கெட்டுக்கு நாலு மூடி. முன்ன அரை மூடி மதியாயிருந்தது. இப்பல்லாம் நீலத்துல சத்தே இல்ல.”

அவள் எழுந்து முற்றத்துக்குப் போனாள். அங்கே கொடியில் என் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. திரும்பி வர நேரமாயிற்று. வந்து தூரிகையை எடுத்துக் கொடுத்தாள். நான் இடப்பக்கச் சுவரை அடித்தேன். விளிம்பில் கோணலாகப் போனது என்று எனக்கே சந்தேகம். டியூப் லைட் சரியில்லை என்றேன். அந்த டியூப் லைட்டை அதற்கு முந்தைய மாதம்தான் மாற்றியிருந்தேன்.

குலைகளுக்கு நான்கு ஞாயிறுகள் பிடித்தன. காற்றில் காய்ந்து இறுகும் ஒரு களிமண் வாங்கிவந்திருந்தாள். அதைக் கிள்ளி அரிசி அளவில் உருட்டி, இலேசாக வளைத்து, ஒரு கம்பித் தண்டைச் சுற்றிச் சீப்பு சீப்பாக ஒட்ட வேண்டும். உருட்டுவது என் வேலை, ஒட்டுவது அவள் வேலை. அவள் எல்லாக் குலையையும் ஒரே மாதிரி அடர்த்தியாகச் செய்யப் பார்த்தாள். நான் விடவில்லை; ஏத்தன் என்கிற நேந்திரனுக்கும் பொடிப்பழமான பாளையங்கோடனுக்கும் ஒரே கணக்கா?

“ஏத்தங்குலைல அஞ்சு சீப்புக்கு மேல வச்சா பொய்யாப் போயிடும். பாளையங்கோடனுக்கு வேணா பத்து வை.”

“இதை யாருப்பா எண்ணப் போறா?”

“நான் எண்ணுவேன்.”

“அது தெரியும். வேற யாரு?”

அந்த ஞாயிறுகளில் நாங்கள் நிறையப் பேசினோம். அவள் அலுவலகத்தில் ஒரு மேலாளர் காப்பிக் கோப்பையில் பேனாவைக் கழுவியது, என் மனைவி ஒருமுறை பேருந்தில் யாரோ ஒருவருடைய பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு கிழக்கேகோட்டை வரை வந்தது. இரண்டு பேருக்கும் குனிந்தே வேலை. முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பேச்சு எளிதாக வந்தது போலும்.

நான்காவது ஞாயிறு அவள் குலைகளுக்குச் சாயம் அடித்து, கயிற்றில் கட்டி, கடையின் முன்பக்கத்தில் தொங்கவிட்டாள். நான் கிட்டே போய்ச் சரிபார்த்தேன்.

“ஏத்தன்ல நாலுதான் இருக்கு. அஞ்சுன்னு சொன்னேனே.”

“அஞ்சு இருக்குப்பா.”

“நாலு.”

“அஞ்சு.”

“என்கிட்டயா எண்ணிக்கை சொல்றே? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. வேணும்னா பந்தயம்.”

அவள் பந்தயத்துக்கு வரவில்லை. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, குலையின்மேல் மெல்ல வைத்து, மேலிருந்து கீழே கொண்டுபோனாள். ஒரு புடைப்பு, ஒரு பள்ளம். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. விரல் நிற்கும் என்று நினைத்தேன். இன்னொரு புடைப்பு வந்தது. கீழ்ச் சீப்பு இன்னும் காயாக இருக்கட்டும் என்று அதற்குக் கரும்பச்சை அடித்திருக்கிறாள். என் கண்ணுக்கு அந்த இடத்தில் நிழல் மட்டும்தான் இருந்தது.

கண்ணாடித் துண்டுக்குக் காரணம் சொன்னேன், சுவர் கோணலுக்குக் காரணம் சொன்னேன். இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தப்பாகப் பார்ப்பது வேறு. தப்பாக எண்ணுவதென்றால் நான் வேறு யாரோ ஆகிவிட்டேன் என்று அர்த்தம்.

“நான் ரொம்பச் சின்னதாப் பண்ணிட்டேன்ப்பா. யாருக்கும் தெரியாது” என்றாள். என் விரலை இன்னும் விடவில்லை.

“டாக்டர்ட்ட எப்ப போலாம்?” என்று கேட்டேன்.

அவள் விரலை விட்டுவிட்டு நாட்காட்டியை எடுத்துவந்தாள். பேசினால் நான் மாறிவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ.

“ஆனா உன் ஃப்ளாட்டுக்கு நிரந்தரமா வர மாட்டேன். சொல்லிட்டேன்.”

“யாரு கூப்பிட்டா?” என்றாள்.

முதலில் வலக்கண். அறுவைக்குப் பிறகு ஐந்து நாட்கள் கறுப்புக் கண்ணாடியோடு அவள் ஃப்ளாட்டில், அந்தக் கட்டிலில் படுத்திருந்தேன். சொட்டு மருந்தை அவள் விட்டாள், நான் எண்ணினேன். ஆறாம் நாள் காலை என் பையை அவளே கட்டினாள். ஆட்டோவில் ஒவ்வொரு திருப்பத்தையும் எண்ணிக்கொண்டே வந்தேன். கரமனை திரும்பும் வரை நம்பவில்லை.

“கட்டிலை என்ன பண்ணப் போறே?”

“மடிச்ச துணி வைக்க நன்னாருக்கு” என்றாள்.

வீட்டைத் திறந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்; நான் முதலில் பார்த்தது ஜன்னலோரம் அலமாரிமேல் இருந்த கடையை. செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

“இதுக்கு யாரு நீலம் அடிச்சா?”

“நீதான்.”

“நானா? நான் வெள்ளை அடிச்சேன்.”

“பதினோரு சொட்டு விட்டே. மறந்துட்டியா?”

மழை விட்ட மறுநாள் வானம் எப்படி இருக்கும், அப்படி ஒரு நீலம். நான் அடித்த இடப்பக்கச் சுவர் மட்டுமல்ல, வலப்பக்கம், பின்சுவர், கூரையின் அடிப்பக்கம், எல்லாம் அதே நீலம். அவையெல்லாம் அவள் தன் ஃப்ளாட்டுக்கு எடுத்துப்போய் அடித்துக்கொண்டு வந்தவை. நான் தொட்டதுகூட இல்லை.

“இதெல்லாம் ஏன் இப்படி?”

“ஒரு சுவர் மட்டும் வேறயா இருந்தா நீ கேப்பியே. கேட்டா நான் சொல்லணும். பேசப்படாதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேனே. அதான் நானும் பதினொண்ணு எண்ணி விட்டேன்.”

பெஞ்சில் ஒரு கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே அவள் செய்து வைத்த பொம்மை. அப்போது வெள்ளை வேட்டி கட்டியிருப்பதாகத்தான் நினைத்தேன். அவர் வேட்டியும் நீலம். குனிந்து பார்த்தேன். நெசவு தெரிந்தது. சாயம் இல்லை, நிஜத் துணி.

“இது எந்தத் துணி?”

“உன் வேஷ்டி. ஓரம் கிழிஞ்சு கொடில கிடந்ததே.”

உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தேன். ஒன்பது வேட்டிகள் மடித்து அடுக்கியிருந்தன. ஒன்பதும் நீலம். அடியில் இருந்தவை கொஞ்சம் தேவலை, மேலே வரவர ஏறிக்கொண்டே போயிருந்தது. இவற்றைக் கட்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன், பேங்குக்குப் போனேன், வலியசாலையில் ஒரு கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

“எத்தனை நாளா இப்படி?”

“ஒரு வருஷம் இருக்கும். புரை வெள்ளையையே பழுப்பாக் காட்டினா நீ நீலத்தை ஊத்தத்தானே செய்வே. அந்தப் பழக்கடைக்காரர் பின்னே ஏன் கேட்டார்னு நினைச்சே? நீல வேஷ்டியைப் பாத்து, நீ மாலை போட்டுண்டு விரதம் இருக்கேன்னு நினைச்சிருக்கார்.”

அவளால் அதற்குமேல் முடியவில்லை. பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. காதோரத்தில் நரை. எனக்குத் தெரியாமல் எப்போது வந்தது? கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஸ்கூட்டரில் ஒவ்வொரு ஞாயிறும் வெயிலில் வந்துபோன முகம்.

“எண்ணாதேப்பா.”

“எண்ணலையே.”

“உதடு அசையறது.”

அன்று மாலை வரை இருந்தாள். என் வேட்டிகளைத் திரும்பத் திரும்ப அலசிக் கொடியில் போட்டாள். கடைக்கு வெள்ளை அடித்துவிடலாமா என்று கேட்டாள், தூரிகை கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னாள். இருக்கட்டும் என்றேன். இடக்கண்ணுக்கு இந்த முறை நானே போன் செய்து நாள் குறித்தேன். அவளிடம் தகவலாகத்தான் சொன்னேன்.

அந்த நாள் வர இன்னும் கொஞ்சம் இருக்கிறது. காலையில் காப்பிக்குப் பிறகு ஜன்னலோரம் போய் நிற்கிறேன். இரண்டு கண்ணாலும் குலைகளை எண்ணுகிறேன். ஏத்தனில் ஐந்து, தொட வேண்டியதில்லை. பிறகு வலக்கண்ணைக் கையால் மூடிக்கொள்கிறேன். கடை மங்கலாகி, சுவர் வெள்ளையாகி விடுகிறது, நான் அடித்த வெள்ளை. இடக்கண்ணையும் சரிசெய்த பிறகு அது எனக்கு அகப்படாது. நேற்று அப்படி நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“என்னப்பா பண்றே?”

“கடையைப் பாத்துண்டிருக்கேன்.”

“இன்னிக்கு என்ன நிறம்?”

“எந்தக் கண்ணைக் கேக்கறே?” என்றேன்.