தப்பான கொல்லை

போன மாதம் தளி சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது நடுரோட்டில் ராகிக் கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் மேலே ஏறி, கூலி வாங்காமல் கதிரடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். ஓட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டேதான் ஏற்றுவார்கள். என் சக்கரமும் ஏறியது. சரசரவென்று ஒரு சத்தம், கூடவே காய்ந்த ராகித் தாளின் மணம். அடுத்த நிமிடம் என் பின்கழுத்து அரிக்க ஆரம்பித்துவிட்டது. சுணை எதுவும் மேலே படவில்லை. இருபது வருடங்களுக்கு முன்னால் பட்டதுதான் அந்த மணத்தோடு திரும்பி வந்திருந்தது. என் கழுத்துக்கு இருக்கிற ஞாபகசக்தி மூளைக்கும் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நன்றாகப் படித்திருப்பேன்.

அப்போது நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் புதிதாக வந்திருந்த டர்னர். வண்டி பாகங்கள் செய்கிற கம்பெனி. ஊரில் ஸ்வெட்டர் என்பதையே பார்த்திராதவன், இங்கே வந்து காலை ஷிஃப்டுக்குக் காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு போனேன். ஓசூரில் எந்தக் கம்பெனி கேட்டைத் தட்டினாலும் உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பது ஒரு பழைய பட்டாளத்துக்காரராகத்தான் இருக்கும். எங்கள் கேட்டில் இருந்தவர் சுபேதார் முனிரத்தினம். ராணுவத்தில் வரைபடம் பார்க்கச் சொல்லித் தருகிற வேலையில் பல வருடம் இருந்தவர். இதை நாங்கள் யாரிடமும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அவரே வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

அவர்தான் ஞாயிற்றுக்கிழமைக் குழுவை ஆரம்பித்தவர். சுற்று வட்டாரத்து ஊர்களில் ஓய்வு பெற்ற சிப்பாய்களின் வீடு, கணவனை எல்லையில் விட்டுவிட்டுத் தனியாக இருக்கிற பெண்களின் வீடு, சிப்பாயை இழந்த வீடு என்று ஒன்றைப் பார்த்துவைப்பார். கம்பெனி வேனைக் கேட்டு வாங்கி, எங்களை ஏற்றிக்கொண்டு போவார். நாங்கள் பம்ப் மோட்டாரைக் கழற்றி மாட்டுவோம், கூரைத் தகரம் மாற்றுவோம், கதவுக்குக் கீல் அடிப்போம். யாரையாவது பெங்களூர் ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் உண்டு. நான் எதற்காகச் சேர்ந்தேன் என்று கேட்டால் நாட்டுப்பற்று என்று சொல்ல ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெஸ் லீவு. போகிற வீட்டில் சோறு போடுவார்கள்.

சாப்பாட்டை விட எனக்கு அந்த வீடுகளின் டிரங்குப் பெட்டிகள் மேல்தான் கண். பட்டாளத்துக்காரர் வீட்டில் கறுப்புப் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். மேலே வெள்ளைப் பெயின்டில் பேரும் நம்பரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. துப்பாக்கி, மெடல் என்று கற்பனை செய்துகொண்டு போவேன். ஒரு வீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் பள்ளிக்கூடப் புத்தகம். தளிக்கு மேலே ஒரு சின்ன ஊரில் மாதப்பா என்கிற பழைய சிப்பாயின் வீட்டுப் பெட்டியில் மட்டும் ஒன்றுமே இல்லை. "ராகி கொட்டி வெக்கிற பொட்டிண்ணா அது. இந்த வருசம் ரொம்புமோ ரொம்பாதோ" என்றாள் அவருடைய மகள் கௌரம்மா.

அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மாதப்பா இடுப்பெலும்பு உடைந்து பெங்களூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார், மனைவி அவர் கூட. வீட்டில் கௌரம்மாவும் இரண்டு மாடுகளும்தான். கொல்லையில் ராகி முற்றி நிற்கிறது. அந்தப் பக்கம் கொல்லை என்றால் மானாவாரி நிலம். ஜவளகிரிக் காட்டிலிருந்து இறங்கின யானைக் கூட்டம் பக்கத்து ஊர் ஏரிவரை வந்துவிட்டது. அந்த ஊர்களில் அறுப்பு என்றால் ஆள் மாற்றிக்கொள்வதுதான். இன்று நான் உன் கொல்லைக்கு வந்தால் நாளை நீ என் கொல்லைக்கு. கூலி கிடையாது. ஆனால் வந்தவனுக்குத் திரும்பப் போகாமல் இருந்தால் ஊரில் தலை காட்ட முடியாது.

கௌரம்மா வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் பசப்பாவுக்கும் மாதப்பாவுக்கும் வரப்புத் தகராறு. ஒரு லீவில் வந்தபோது மாதப்பா அளந்து கல் நட்டிருக்கிறார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. பசப்பா அந்த ஊரில் பெரிய தலை. அவர் அசையாமல் மற்றவர்கள் அசைய மாட்டார்கள். கௌரம்மா வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வெறும் கையோடு திரும்பியிருந்தாள். அந்த ராகி போனால் வருடம் முழுக்க அந்த வீட்டில் களி கிடையாது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நாமளே வெட்டிடலாம்" என்றார் சுபேதார் சார். எங்களில் பாதிப் பேருக்கு ராகி என்பது மாவாகத்தான் தெரியும்.

அந்த ஞாயிறு பனியில் எங்களை இறக்கி, கிளைப்பாதையில் ஒரு புங்க மரத்தடியில் வரிசையாக நிற்க வைத்தார். சட்டைப்பையிலிருந்து தானே வரைந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். "ரைட் சைடு" என்று கையை நீட்டினார். அணிவகுப்பு மாதிரி ஒரே கோட்டில் நின்று அறுத்தோம். ஒருவன் முந்தினால் "டிரெஸ்ஸிங், டிரெஸ்ஸிங்" என்று வரிசையை நேராக்கச் சொல்லிக் கத்துவார். தாளை விட்டுவிட்டுக் கதிரை மட்டும் அறுத்து மூட்டை கட்டினோம். இரும்பைக் கடைகிற கைக்கு அரிவாள் வசப்படவில்லை. விரல்களை அறுத்துக்கொண்டோம், கழுத்தெல்லாம் சுணை. ஆனால் உச்சிவேளைக்குள் கொல்லையே மொட்டை. ஆளாளுக்கு முதுகில் தட்டிக்கொண்டோம்.

அப்போதுதான் களிச்சட்டியும் அவரைக்கொட்டைக் குழம்பும் எடுத்துக்கொண்டு கௌரம்மா வந்தாள். வரப்பில் அப்படியே நின்றாள். "ஐயோ சார்! இது எங்க கொல்லை இல்ல! இது பசப்பா மாமா கொல்லை!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். எனக்குப் பசியெல்லாம் பறந்துபோனது. வரப்புக்கு இந்தப் பக்கம் வெட்டிய கொல்லை, அந்தப் பக்கம் கதிர் ஆடிக்கொண்டிருக்கிற மாதப்பா கொல்லை.

சத்தம் கேட்டுப் பசப்பாவே வந்தார். பின்னால் பாதி ஊர். சுபேதார் சார் தொப்பியைக் கழற்றினார்.

"தப்பு என்னுதுங்க. மேப்புல ரைட்டுன்னு இருந்துச்சி."

"பட்டாளத்துல மேப்பு பாக்கச் சொல்லித் தந்தவராமே நீங்க?" என்றார் பசப்பா. ஊர் சிரித்தது. எங்கள் பையன்களும் சிரித்தார்கள், நானும்தான். சார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் அப்படி நின்று அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

பசப்பா மூட்டைகளைச் சுற்றிவந்தார். ஒன்றை அவிழ்த்துக் கதிரைக் கையில் அள்ளிப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்களெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கொல்லையில கை வெச்சிட்டீங்க. இனிமே நான் சும்மா குந்தினு இருக்க முடியுமா?" என்று யாரிடமோ கோபித்துக்கொள்வது போலச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் களியைத் தின்று முடிப்பதற்குள் மாட்டுவண்டியோடும் அரிவாள்களோடும் ஊரே வந்து இறங்கியது. அவர்கள் அறுத்த வேகத்தைப் பார்த்தபோது எங்கள் காலை வீரம் எதில் சேர்த்தி என்று புரிந்தது. பொழுது சாய்வதற்குள் மாதப்பா கொல்லையும் முடிந்து, மூட்டைகள் வீடு போய்ச் சேர்ந்தன. இரண்டு நாள் கழித்து யானைகள் வந்து வெறும் தாளை மிதித்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டோம். அதைவிட ஆச்சரியம், பசப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் மாதப்பாவைப் பார்த்துவிட்டு வந்தாராம்.

எங்களுக்குக் கிடைத்தது ஒரு பட்டப்பெயர். சுபேதார் சார் அன்றிலிருந்து 'காம்பஸ்' ஆகிவிட்டார். கேட்டில் நுழையும்போதெல்லாம் யாராவது "சார், கேன்டீன் எந்தப் பக்கம்?" என்று கேட்பான். நானும் கேட்டிருக்கிறேன். அவர் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு பிரம்பால் கழிவறைப் பக்கம் காட்டுவார். வரைபடம் சொல்லித் தந்த கதையை மட்டும் அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை. பத்து வருடங்களுக்கு மேல் அந்தக் கேலியைக் கேட்டுக்கொண்டே இருந்து, ரிட்டயர் ஆகி, போன வருடத்துக்கு முந்தின வருடம் இறந்தும்போனார். அத்தனை வருடம் திசை பார்த்த மனிதருக்கு ஒரு புங்க மரத்தடியில் எப்படிக் குழம்பியது என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். வயசு என்று நினைத்துக்கொள்வேன்.

கழுத்து அரிப்போடு அன்றைக்கு நான் ஸ்கூட்டரை அந்த ஊருக்கே விட்டேன். கௌரம்மா நரை கூடியிருந்தாலும் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டு காப்பி கொடுத்தாள். மாதப்பா போய்ச் சில வருடம் ஆகிறதாம். பேச்சு சுபேதார் சாரிடம் போனது. அவர் இறந்ததை அவளுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அண்ணா, அன்னிக்கு நான் கத்துனது நல்லா இருந்துச்சா?"

எனக்குப் புரியவில்லை.

"அதுக்கு மூணு நாளு முன்னாடியே சார் வந்தாரு. வரப்பு வரப்பா நடந்து எது யாருதுன்னு கேட்டுக்கினாரு. பன்னெண்டு மணிக்கு மேல சோறு எடுத்துனு வா, பாத்துட்டு ஊரு கேக்கக் கத்துன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுமோன்னு பயம்ணா."

"இத்தனை வருசம் ஏம்மா சொல்லல?"

"பசப்பா மாமா இருக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாதுன்னாரு. தெரிஞ்சா அவருக்கு அவமானமாப் போயிடும், பழையபடி ஆயிடும்னாரு. மாமா போன பொங்கலுக்குத்தான் போனாரு."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பசப்பா தலை குனியாமல் இருப்பதற்காக ஒரு மனிதர் பத்து வருடம் கேட்டில் நின்று எங்கள் சிரிப்பை வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, வந்ததை மறைக்கவும் இல்லை.

கிளம்பும்போது அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். கூட்டிப் போனாள். புங்க மரம் இல்லை. பாதை இல்லை. மாதப்பா நட்ட கல்லும் இல்லை. இரண்டு கொல்லையையும் சேர்த்து ரோஜா வளர்க்கிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை. உள்ளே எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். கௌரம்மாவுக்கு அவசரமாக போன் வந்து வீட்டுப் பக்கம் போய்விட்டாள். நாங்கள் வெட்டிய தப்பான கொல்லை எது, சரியான கொல்லை எது என்று கூரையின் ஓரமாக நடந்து நடந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு சுபேதார் சாரும் இல்லை.