சோபா போட்ட ரூம்

போன வருசம் ஆவணி மாசம். ராஜபாளையத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரிக்குப் பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷனுக்குச் சேர்த்தோம். நான் லோடு ஆட்டோ ஓட்டுறவன். மூணு லட்சத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்து, வருசா வருசம் தவறாமக் கட்டிக்கிட்டு வந்தேன். அதனால பயமில்லை.

வார்டா, ரூமான்னு கேட்டாங்க. வார்டு போதும்னேன். கூட வந்திருந்த மச்சான், அவளோட அண்ணன், விடலை.

"ஏ மாப்ள, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து நம்ம சனம் அம்புட்டும் பார்க்க வரும். வார்டுல அவிய எங்க உக்காருவாக? நீயா குடுக்கப்போற? இன்சூரன்ஸ்தான குடுக்கப்போகுது?"

சரிதான்னு பட்டது. எங்க பக்கம் ஆஸ்பத்திரியில ஒருத்தர் படுத்தா, பார்க்க வராட்டி பகை. வந்தவங்களை நிக்க வச்சாலும் பகைதான். சோபா போட்ட ஏசி ரூம் எடுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல இருந்து அவ சனம் வேன் பிடிச்சு வந்தாங்க. சோபாவுல நெருக்கி உக்காந்தாங்க. அவளோட சின்னம்மா சாப்பிட்டுட்டு அதுலயே தூங்குனாங்க. குளிருதுன்னு என் வீட்டுக்காரி சொன்னா. யாரும் ஏசியைக் குறைக்கலை.

வீட்டுக்குப் போற நாளும் அவிய வந்திருந்தாங்க. அவ சேலை மாத்தி, தலை சீவி, பை மேல கை வச்சு உக்காந்திருந்தா. நான் கீழ இன்சூரன்ஸ் கவுண்டருக்குப் போனேன். மொத்த பில்லுல மூணுல ஒரு பங்கு நான் கட்டணும்னு அங்க இருந்த பொண்ணு சொல்லிச்சு.

ஏன்னு கேட்டேன்.

"உங்க பாலிசியில ரூமுக்கு ஒரு நாளைக்கு மூவாயிரம்தான், அண்ணாச்சி. நீங்க எடுத்தது நாலாயிரத்து ஐநூறு."

"சரிம்மா. கூடுன ஆயிரத்து ஐநூறை நான் குடுத்துருதேன்."

"அது மட்டும் இல்ல. ரூம் வாடகை கூடுனா, அதே கணக்குல டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாத்துலயும் மூணுல ஒரு பங்கைக் குறைச்சிருவாங்க."

"வார்டுல இருந்தாலும் இதே டாக்டர்தான? இதே கத்திதான?"

"ஆமா அண்ணாச்சி. ரூல் அப்படி."

அந்தப் பொண்ணைச் சொல்லிக் குத்தமில்லை. தினம் யாருக்காவது இதைச் சொல்லுற முகம்.

மேல வந்து சொன்னேன். மச்சான் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். சின்னம்மா சோபாவை விட்டு மெதுவா எழுந்து நின்னாங்க.

என் வீட்டுக்காரிதான் பேசினா. "ஏன் சின்னம்மா எந்திரிக்கிய? நல்லா உக்காருங்க. நீங்க உக்காரத்தான இம்புட்டும்!"

சொல்லிட்டு அவளே சிரிச்சா. தையல் வலிச்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டா. வேற யாரும் சிரிக்கலை.

பணம் கட்டினாத்தான் டிஸ்சார்ஜ். ஆட்டோ ஆர்.சி. புக்கை பைனான்ஸ்ல வச்சுக் கடன் வாங்கினேன். மச்சான் கூடவே வந்தார். பொழுது சாயறதுக்குள்ள அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். கடன் இன்னும் ஓடுது.

மச்சான் மேல கோபமில்லை. ஆனா இன்னைக்கும் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனா, பிஸ்கட்டைக் குடுத்துட்டு நின்னுக்கிட்டே பேசிட்டு வந்துருதேன். உக்காருங்கன்னு அவிய நாற்காலியை இழுத்துப் போடும்போது, இதுக்கு எந்தக் கவுண்டர்ல யாரு நிக்கப்போறாகளோன்னுதான் தோணுது.