அடியில் தங்கிய வெள்ளி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் 'பிசுபிசுப்பு அக்கா' என்று பெயர். எந்தத் திரவத்தைக் கொடுத்தாலும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்துச் சுழற்றி, அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று அளந்து சொல்வாள். பக்கத்து அறையில் அவள் கணவன், கண்ணுக்குத் தெரியாத வெள்ளிக் கம்பிகளைத் தண்ணீரில் கலப்பவன். அந்தக் கலவையைத் தொடுதிரைக் கண்ணாடியில் பூசி விற்கக் கம்பெனிக்கு ஆசை.

கம்பி கூடக் கூடக் கலவை கெட்டியாகும். ஓர் அளவைத் தாண்டினால், நெருக்கடியில் வேறு வழியில்லாமல் கம்பிகளெல்லாம் ஒரே பக்கம் பார்த்து அடுக்காக நின்றுவிடும். அப்புறம் வழுக்கிக்கொண்டு ஓடும், பூசவும் சுலபம். போன வருஷம் அப்படி ஓடியதை அவள் அளந்து சொன்னதும் கணவன் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அதை நம்பித்தான் ஆய்வுக்கூடத் தலைவர் கம்பெனி முதலாளிகளை நேரில் வந்து பார்க்க அழைத்திருந்தார்.

அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்பு புதுக் கலவை வந்தது. லகுவாகத்தான் ஓடியது. ஆனால் கம்பிகள் அடுக்காக நின்றால் இரண்டு ஒளிவடிகட்டிக் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கையில் பளிச்சென்று தெரிய வேண்டும். இது இருண்டு கிடந்தது. குப்பியைச் சாய்த்தாள். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சகதியாக அடியில் கிடந்தன. அவள் அளந்தது மேலே நின்ற வெறும் தண்ணீரை. போன வருஷச் செய்முறைப்படி கலந்து பார்த்தாள், அதே கதை. அப்படியானால் போன வருஷம் ஓடியதும் வெறும் தண்ணீர்தான்.

சாயந்திரம் பாப்பாவை விளையாட அனுப்பிவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள்.

"நிச்சயமாவா?"

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேங்க."

"அவங்க வந்துட்டுப் போகட்டும். ஒரு வாரம் கொடு, நான் சரி பண்ணிடறேன்."

"என்னைத்தானே கேப்பாங்க? பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"வாயை மூடிட்டு இருன்னு சொல்றேன்."

மறுநாள் தலைவரிடம் சொல்லிவிட்டாள். அவர் கத்தவில்லை. எழுந்து வந்து, அவள் வெளியே போகக் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். மாதக் கடைசியில் இரண்டு அறைகளையும் பூட்டினார்கள். ஏழெட்டுப் பேருக்கு வேலை போயிற்று.

"எனக்கு ஒரு வாரம் கொடுக்க மனசு வரலை இல்ல?" என்றான் கணவன். ஒரு வாரம்தானே கேட்டார் என்று அவளுக்கும் தோன்றாமலில்லை.

அவன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டான். அவள் இப்போது ஷாம்பு கம்பெனியில் அளக்கிறாள். ஞாயிறுதோறும் போன் வரும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க அவள் வாயெடுப்பதற்குள், "பாப்பாகிட்ட கொடு" என்பான்.