பட்டாளத்தார் காய்ச்சிய தண்ணீர்

1. நாவல்பழ நிறம்

அந்தக் குழந்தையின் உதடு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. மூன்றரை மாதக் குழந்தை நாவல்பழம் தின்னாது. நகக்கண்களும் அதே நிறம்.

நான் ராஜபாளையத்தில் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். ஆட்கள் கொண்டுவரும் தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. "குடிச்சுப் பாத்துத்தான் சொல்வியளோ?" என்று கேட்காத சொந்தக்காரர்கள் எனக்குக் கிடையாது. எத்தனையோ விதமான பாட்டில்களுடன் ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டிய குழந்தையை லேபுக்குத் தூக்கி வந்தவள் அவள் ஒருத்திதான்.

"பிள்ளை இந்த நிறத்துல இருக்கு, இங்க வந்து என்னம்மா செய்ற?" என்று சத்தம் போட்டேன்.

அவள் பெயர் மகேஸ்வரி. ராஜபாளையத்துப் பெண், வன்னியம்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டவள். கணவன் ராணுவத்தில் இருந்தான். என் சத்தத்துக்கு அவள் அசையவில்லை. பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலையும் ஒரு பிளாஸ்க்கையும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு மேடம். மதுரையில ஹார்ட் ஸ்கேன் எடுக்கணுமாம், நாளை கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. எனக்கென்னமோ பிள்ளைகிட்ட குறை இல்லைன்னு படுது. குறை தண்ணியிலதான்."

"எதை வச்சுச் சொல்ற?"

"பிரசவத்துக்குப் பொறவு காய்ச்சல் கண்டு எனக்குப் பால் நின்னு போச்சு. இவளுக்குப் பவுடர் பால்தான். எங்க அம்மா வீட்டுல மூணு மாசம் நல்லா இருந்தா. மாமனார் வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துல உதடு கருத்துச்சு. பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போயி அஞ்சு நாள் இருந்தேன், தெளிஞ்சுட்டா. திரும்பி வந்த மூணாம் நாள் மறுபடியும் இப்படி. அதே பால் டப்பா, அதே பாட்டில், அதே ஸ்பூன், கலக்குறதும் நான்தான். தண்ணி மட்டுந்தான் மேடம் வேற."

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி செக்ஷனில் இருந்தாளாம். நூலில் குறை வந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். பெற்ற பிள்ளை மடியில் கறுத்துக் கிடக்கும்போது அதை நினைவில் வைத்திருந்தாள்.

2. நான் சொன்ன பதில்

"யார் வீட்டு மருமகம்மா நீ?" என்று கேட்டேன். பட்டாளத்தார் வீடு என்றதும் எனக்கு நினைவு வந்துவிட்டது.

பரமசிவம் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், பட்டாளத்தார்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் தோட்டத்து வீட்டில் புதிதாக போர்வெல் போட்டதும், தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். நிமிர்ந்து நின்றபடியே கேட்டார்: "குடிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

கண்ணாடி மாதிரி தண்ணீர். கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முக்கினேன், பி.எச். பார்த்தேன், ஹார்ட்னஸ் பார்த்தேன். மூன்றும் சரியாக இருந்தன. நைட்ரேட் முதலான மற்ற டெஸ்ட்களுக்கு இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றேன். "பருப்பு வேகுதுல்லா, அது போதும்" என்றார். நானும் விட்டுவிட்டேன். "தாராளமா குடிங்க அண்ணாச்சி" என்று அவர் கேட்டதைவிட இரண்டு வார்த்தை கூடுதலாகவே சொன்னேன். போர் எவ்வளவு ஆழம், பக்கத்தில் தொழுவம் உண்டா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எதையும் கேட்கவில்லை.

அந்தத் தண்ணீரைத்தான் இப்போது இவள் சந்தேகப்படுகிறாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது நான் பாத்த தண்ணிம்மா, நல்ல தண்ணி" என்றேன். இன்றுவரை என்னைக் குத்துகிற வார்த்தை அது.

அதற்குள் ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுப் பட்டாளத்தாரே உள்ளே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மேடம், தண்ணியில குறை சொல்ல முடியாது. பச்சைத் தண்ணி ஒரு சொட்டு பிள்ளை வாயில பட்டதில்லை. கையில வாட்ச்ச வச்சுக்கிட்டு நானே காய்ச்சுதேன். முதல்ல இருபது நிமிஷம் காய்ச்சுனேன். பொங்கல் கழிஞ்சு மறுபடியும் இப்படி ஆனதுக்குப் பொறவு முக்கா மணி நேரம். ஒரு சொம்பு அரைச் சொம்பா சுண்டுத வரைக்கும் விடமாட்டேன்."

சுண்டுகிற வரைக்கும் என்று அவர் சொன்னதும், அன்றைக்குப் பார்க்காமல் விட்ட நைட்ரேட் எனக்கு நினைவு வந்தது.

3. இரண்டு குழாய்கள்

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், நைட்ரேட் அப்படியே பாத்திரத்தில் தங்கி, மிச்சமுள்ள தண்ணீரில் அடர்த்தியாகும். சாணம், மாட்டு மூத்திரம், யூரியா எல்லாம் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் சேர்ந்தால் அது நைட்ரேட்டாக நிற்கும். நிறம் இல்லை, வாடை இல்லை, ருசியும் இல்லை. அந்த அளவு பெரியவர்கள் குடித்தால் ஒன்றும் தெரியாது. கைக்குழந்தைக்குப் போனால் ரத்தத்தைக் கெடுத்து, மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் ஆக்கிவிடும்.

முதலில் எனக்குத் தெரிந்த குழந்தை டாக்டருக்கு போன் போட்டேன். "போர் தண்ணியா? பவுடர் பாலா? உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். அவர்கள் ஆட்டோவில் ஏறினார்கள். மகேஸ்வரி ஒரு காலை ஆட்டோவில் வைத்துக்கொண்டே திரும்பிச் சொன்னாள்: "பாட்டில்ல இருக்கது பச்சைத் தண்ணி, பிளாஸ்க்குல இருக்கது காய்ச்சுனது. ரெண்டையும் பாருங்க மேடம்." இரண்டும் வேண்டும் என்று எனக்குக்கூடத் தோன்றியிராது.

நைட்ரேட் டெஸ்ட் கிட்டை எடுத்தேன். ஒரு குழாயில் பாட்டில் தண்ணீர், இன்னொன்றில் பிளாஸ்க் தண்ணீர். இரண்டிலும் பொடியைப் போட்டுக் குலுக்கி ஸ்டாண்டில் வைத்தேன். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆயிரம் தடவை செய்த டெஸ்ட்தான். அன்றைக்கு ஸ்டூலில் உட்கார முடியவில்லை.

பச்சைத் தண்ணீர் மெல்ல ரோஸ் ஆனது. அங்கேயே நிற்காமல் ஏறி ஏறி, கலர் சார்ட்டில் கடைசிக் கட்டத்தின் நிறத்தில் போய் நின்றது. பிளாஸ்க் தண்ணீர் அந்தக் கட்டத்தையும் தாண்டிக் கருஞ்சிவப்பானது. அதற்கு ஒப்பிட சார்ட்டில் கட்டமே இல்லை. ஒரே போர், ஒரே நாள் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் ஒரு தாத்தாவின் அடுப்பும் அக்கறையும்தான்.

டாக்டருக்குச் சொல்லிவிட்டு நானும் ஓடினேன். அவர் குழந்தையின் ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுக் காட்டினார். சாக்லேட் நிறம். காற்றுப் பட்டும் சிவக்கவில்லை. பிறகு ஒரு ஊசி மருந்தை எடுத்தார். அது நல்ல நீலம், துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் தோற்றுவிடும். நீலம் பாரித்த குழந்தைக்கு நீல மருந்தையா போடுவார்கள் என்று திகைத்துப்போய் நின்றேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நாவல்பழ நிறம் கலைந்து உதட்டில் சிவப்பு ஏறியது. குழந்தை வீரிட்டு அழுதது. அதைக் கேட்டு நானும் அழுதுவிட்டேன், வெட்கப்படவில்லை.

4. பட்டாளத்தாரிடம் சொன்னது

வராந்தாவில் இருந்த அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி வளைக்கவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். நிமிர்ந்தே இருந்த முதுகு வளைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்பம் நான்தான் பேத்திக்கு விஷத்தைச் சுண்டச் சுண்டக் காய்ச்சிக் குடுத்திருக்கேன்."

"இல்ல அண்ணாச்சி. குடிக்கலாம்னு சொன்னது நான். தப்பு என் மேல."

என் பேச்சு அவர் காதில் ஏறவில்லை. அப்போது மகேஸ்வரி வெளியே வந்தாள். எங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். மாமனாருக்கு எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, அம்மா வீட்டுக்குப் போகும்போதும் இருபது நிமிஷம் காய்ச்சணும்னு சொல்லித்தான அனுப்புனீங்க? அங்கயும் வாட்ச்ச வச்சுத்தான் காய்ச்சுனேன். நீங்க அம்புட்டு கறாரா இருக்கப் போயித்தான் தண்ணி மட்டும் வேறன்னு எனக்குப் பிடிபட்டுச்சு. இல்லன்னா நான் காய்ச்சுற விதத்துல குறைன்னு நெனச்சிருப்பேன்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். அவள் அன்று பேசியதைப் போல உண்மையும் மருந்துமாக ஒரு வரி எனக்கு எழுத வந்ததில்லை.

5. எப்போது டெஸ்ட் எடுப்பது

மறுநாள் அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். போர் அதிக ஆழமில்லை. பத்தடி தள்ளித் தொழுவம், அதை ஒட்டி எருக்குழி, இரண்டும் போர் போட்ட பிறகு வந்தவை. நைட்ரேட் நான் பார்த்த அன்றைக்கே இருந்ததா, பிறகு ஏறியதா, எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பார்க்காததால் தெரியாது.

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். கலங்கிய தண்ணீரையும் நாறுகிற தண்ணீரையும் ஜனங்கள் தாங்களாகவே கொண்டுவருவார்கள். தெளிந்த தண்ணீரை யாரும் கொண்டுவரமாட்டார்கள். அதை எப்போது கொண்டுவர வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். போருக்குப் பக்கத்தில் தொழுவமோ செப்டிக் டேங்கோ வந்தால் எடுக்க வேண்டும். பெருமழை ஓய்ந்ததும் எடுக்க வேண்டும். ஒன்றுமே ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு ஒரு குழந்தை வரப்போகிறது என்றால் அது வருவதற்கு முன்னால். மீட்டரை முக்குவதற்கு முன் "யாரு குடிக்கப் போறா?" என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

ஆறு மாதம் கழித்துப் பட்டாளத்தார் மறுபடி லேபுக்கு வந்தார். முதுகு நேராகியிருந்தது. பேத்தி சுவரைப் பிடித்து நிற்கிறாளாம். கையில் ஒரு பாட்டில்.

"எங்க ஊர்ல புதன்கிழமை ஒரு வளைகாப்பு மேடம், இது அந்த வீட்டு போர் தண்ணி. ரிப்போர்ட் வராம வளையல் கிடையாதுன்னு சொல்லிட்டு வாரேன். அவிய வீட்டுல என்னைக் கிறுக்கன்னு சிரிக்காக."

"சிரிச்சுட்டுப் போகட்டும் அண்ணாச்சி, செத்த நேரம் உக்காருங்க" என்றேன்.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, கிட்டைத் திறந்து பொடியைப் போட்டுக் குலுக்கினேன். இருவரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவது நிமிடம் அது கருஞ்சிவப்பில் வந்து நின்றது.

குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.